ஆயரின் கால்கள் யாருக்குச் சொந்தம்

வெந்தூராவின் முகத்தை மறந்தவர்கள் மொந்தெலாரா ஊரில் இருக்கலாம், கால்களை மறந்தவர்கள் கிடையாது. அகலமான பாதம். விரல்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டதுபோல் விலகி விலகி நிற்கும். மழை ஓய்ந்த காலையில் சந்துச் சேற்றில் பதிந்த தடத்தைப் பார்த்தே, ரொட்டி கேட்கிற ஆள் மேல்தெருவுக்குப் போயாச்சு என்று பெண்கள் தெரிந்துகொள்வார்கள். அவர் ஆயரான பிறகும் ஊர்ப்பேச்சு கால்களைப் பற்றித்தான். அதற்குக் காரணம் இருந்தது. ஆயராக ஊருக்குள் நுழைந்த அன்றே அவர் அந்தக் கால்களை இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டார்.

அப்பா நூத்தோ பொதிக்காரர். மலைக்கு அந்தப் பக்கம் கடலோரத்திலிருந்து உப்பு, இந்தப் பக்கத்திலிருந்து எண்ணெயும் கம்பளியும் என்று கழுதைகளின் முதுகில் ஏற்றிக்கொண்டு போய்வருகிற குடும்பம். பொதிக்காரன் கழுதைமேல் உட்கார மாட்டான். தான் உட்காரும் இடத்தில் இன்னொரு மூட்டை உட்காரலாமே என்ற எண்ணம்தான். நூத்தோவின் அப்பாவும் அப்படி, அவருடைய அப்பாவும் அப்படி. முன்னால் ஆடும் ஒரு வாலைப் பார்த்துக்கொண்டே மலை ஏறி இறங்கி வாழ்ந்து முடித்தவர்கள்.

நூத்தோவுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. வம்சத்தில் ஒருத்தனாவது மேலே உட்கார்ந்து போவதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூட வேண்டும். யார் யாரெல்லாம் உட்கார்ந்து போகிறார்கள் என்று வழியெல்லாம் கவனித்தார். பிரபுக்கள் போனார்கள், அதற்கு அப்படிப் பிறந்திருக்க வேண்டும். வியாபாரிகள் போனார்கள், அதற்கு முதல் வேண்டும். சாமியார்களும் போனார்கள், அதற்கு லத்தீன் போதும். மகனைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பங்குச் சாமியாரிடம் விட்டார். தட்சிணையாக உப்பும் பாலாடைக்கட்டியும் போயின.

அந்தக் குடும்பத்தில் எழுத்து தெரிந்த முதல் ஆள் வெந்தூராதான். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நூத்தோ எல்லாரையும் கோயிலுக்கு அழைத்துப்போய்த் தரையில் பதித்திருக்கும் கல்லறைக் கற்களை மகனைப் படிக்கச் சொல்வார். செத்தவர்களின் பெயரை அவன் படிக்கப் படிக்க இவர் முகம் மலரும்.

படித்து முடித்த மகன் போய்ச் சேர்ந்ததோ சாம்பல் அங்கிச் சபையில். ஊருக்குக் கீழே ஆலிவ் தோப்பை ஒட்டி, கூரை ஒழுகும் ஒரு வீட்டில் இருந்தவர்கள். காசைத் தொட மாட்டார்கள், வீடு வீடாக ரொட்டி கேட்பார்கள். நோயோ தப்பிக்க முடியாத தேவையோ இருந்தால் ஒழிய விலங்கின்மேல் ஏறக்கூடாது என்பது அவர்கள் விதி.

நூத்தோ தோப்புக்கே வந்துவிட்டார். "நாட்டுல எத்தனையோ சபை இருக்குடா. மலைமேல மடத்துக்காரன் குதிரையில போறான். தெக்குத் தெரு சாமியாருக்கு ரெண்டு கழுதை இருக்கு. நீ தேடித் தேடிப் போய் நடக்குற சபையில சேந்திருக்கியே. நடக்குறதுக்கு எதுக்குடா லத்தீன்?"

வெந்தூரா ஒருமுறை அப்பாவின் உப்புப் பொதியோடு வரும்போது கொட்டுகிற மழையில் சாம்பல் அங்கிக்காரர் இருவர் பாடிக்கொண்டே எதிரே ஏறிப் போனதைப் பார்த்திருந்தான். நம் ஆட்களும் நடக்கிறார்கள், திட்டிக்கொண்டே நடக்கிறார்கள். இவர்கள் நடப்பதில் என்னவோ வேறு இருக்கிறது என்று அன்று தோன்றியது. நடப்பதற்காகவே வைதுகொண்டு நின்ற அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது? அந்தக் குளிர்காலம் முழுக்க நூத்தோ மகனோடு பேசவில்லை. பனி உருகியதும் ஒரு ஜோடி தோல் செருப்பைக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

வெந்தூராவையும் லோத்தோ என்ற இன்னொரு துறவியையும் சேர்த்து ரொட்டி கேட்க அனுப்பினார்கள். லோத்தோ குள்ளம், வாய் நீளம். எந்த வீட்டுக் கதவு எந்த நேரத்தில் திறக்கும், எந்த வீட்டில் மாமியாரிடம் கேட்க வேண்டும், எங்கே மருமகளிடம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கோட்டை வாசலை ஒட்டிய பால்தினி வீட்டில் மட்டும் அவர் பருப்பு வேகாது. அந்த வீட்டு விதவை மொன்னா சிபில்லா ஒரு வெங்காயத்தை எடுத்து நீட்டுவாள். தினமும் ஒன்று, ஒன்றேதான்.

"தாயே, எங்க வீட்டுல ஏற்கெனவே எல்லாரும் அழுதுகிட்டுத்தான் இருக்கோம்" என்பார் லோத்தோ.

"அப்ப உரிக்க வேண்டியதில்லை, அப்படியே தின்னுங்க" என்பாள் அவள்.

பால்தினிகள் ஒரு காலத்தில் பெரிய வீடு. இப்போது மிஞ்சியிருந்தது கொஞ்சம் திராட்சைத் தோட்டமும் ஒரு பழைய உரிமையும்தான். புதிய ஆயர் முதல்முறை கோட்டை வாசலுக்கு வரும்போது அவரைச் சுமந்து வருகிற விலங்கின் கடிவாளத்தை அந்த வீட்டார்தான் பிடிப்பார்கள். பேராலயம் வரை நடத்திப்போன பிறகு விலங்கு அவர்களுக்கே. அது நடக்கும்வரை வாசல் திறக்காது, திறக்காத வாசலுக்கு வெளியே நிற்கிறவர் ஆயரும் இல்லை. அப்போதைய ஆயர் ஏறி வந்த குதிரை கிழடாகிச் செத்துப் பல காலம் ஆகிவிட்டது. காலித் தொழுவத்துச் சுவரில் மூன்று கடிவாளங்கள் தொங்கின. சிபில்லா வாரம் தவறாமல் அவற்றுக்கு எண்ணெய் போட்டாள்.

பிறகு சபை வெந்தூராவைப் படிக்கப் பொலோஞ்ஞாவுக்கு அனுப்பியது. நடந்தே போனார், வருடங்கள் கழித்து நடந்தே வந்தார். வந்ததும் செய்த முதல் பிரசங்கத்தில் பாதி லத்தீன். முன்வரிசைப் பெண்கள் தூங்கிவிட்டார்கள். நூத்தோ மட்டும் ஒரு சொல்லும் புரியாமல் கடைசிவரை விழித்திருந்தார். வெளியே வந்ததும் லோத்தோ சொன்னார்: "நல்லா இருந்துச்சு. உங்கப்பாவோட கழுதைங்ககிட்டயும் இப்படித்தான் பேசுவீங்களா?"

அது தைத்தது. பொலோஞ்ஞாவில் எல்லாரும் அவரைப் பொதிக்காரன் மகன் என்றுதான் பார்த்தார்கள். அவர் உச்சரிப்பில் உப்பு வாசனை வருவதாகக் கேலி செய்தார்கள். ஊருக்கு வந்தால் எல்லாரும் எழுந்து நின்று புத்தகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அங்கேயும் ஒட்டவில்லை, இங்கேயும் ஒட்டவில்லை. படித்ததற்கு வருத்தப்பட்டாரா என்றால் அதுவும் இல்லை. ஒரு நல்ல பக்கத்தைப் படிக்கும்போது வரும் மகிழ்ச்சி அவருக்கு உண்மையானது. சந்தில் நடக்கும்போது வருவதும் உண்மையானது. இரண்டும் எப்படி ஓர் ஆளுக்குள் இருக்கலாம் என்பதுதான் விளங்கவில்லை. ஆனால் நடக்கும்போது மட்டும் அந்தக் கேள்வி தொந்தரவு செய்வதில்லை. அதனால் நிறைய நடந்தார். போகப் போகப் பிரசங்கத்திலும் லத்தீன் குறைந்து கழுதைகள் வந்தன. பெண்கள் விழித்துக்கொண்டார்கள்.

இப்படி இருக்கும்போது ஆயர் இறந்தார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய பேராலயக் குருக்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, அவன் வேண்டாம் இவன் வேண்டாம் என்று இழுத்துக்கொண்டே போனார்கள். கடைசியில் பாப்பரசரே பொறுமையிழந்து இரண்டு கட்சியும் எதிரியாக நினைக்காத ஒருவரைப் போட்டுவிட்டார். வெந்தூரா தோட்டத்தில் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தபோது சேதி வந்தது. கூடையை வைத்துவிட்டுச் சபைத் தலைவரிடம் ஓடினார். ஆயருக்கு மாளிகை, நிலம், வேலையாட்கள் எல்லாம் உண்டு, குதிரையும் உண்டு. எனக்கு வேண்டாம் என்றார்.

"கீழ்ப்படியறேன்னு வாக்குக் குடுத்தியே, பிடிச்சதுக்கு மட்டும்னு அன்னைக்குச் சொன்னியா?" என்று கேட்டார் தலைவர். அதோடு பேச்சு முடிந்தது.

அபிஷேகம் பக்கத்துப் பெரிய நகரத்தில் நடந்தது. அங்கிருந்து ஊர் திரும்ப வேண்டும். லோத்தோ துணைக்கு நடந்தார். ஆயரின் மேலங்கியையும் தொப்பியையும் குருக்களின் தலைவர் தொன் ஆல்தெரிகோ குதிரையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார். வழியெல்லாம் வெந்தூராவுக்கு ஒரே யோசனை. நடந்து போனால் பால்தினிகளின் உரிமை செத்துப்போகும், சிபில்லா வாசலைத் திறக்க மாட்டாள். ஏறிப் போனால் ஆயராகச் செய்கிற முதல் காரியமே சபைக்குக் கொடுத்த வாக்கை உடைப்பதாக இருக்கும். இன்றைக்கு ஏறினால் நாளைக்கும் ஏறச் சொல்வார்கள். மேலே உட்கார்ந்த ஆளுக்குச் சந்துச் சேறு எப்படித் தெரியும்? எந்தக் கதவு எப்போது திறக்கும் என்பது எப்படித் தெரியும்?

ஊர் மலையடிவாரப் பாலத்தில் பாதி ஊர் கூடியிருந்தது. நடுவில் நூத்தோ. கையில் கொந்தேஸ்ஸாவின் கயிறு. அவர் கழுதைகளிலேயே அழகானவள், வெள்ளை நிறம். குளம்புகளுக்கு எண்ணெய், கழுத்தில் புது மணி, முதுகில் சிவப்பு விரிப்பு.

மகனை எப்படிக் கூப்பிடுவது என்று நூத்தோ இரண்டு நாளாகவே யோசித்திருந்தார் போலும். கடைசியில் மகனைக் கூப்பிடுவதையும் ஆயரைக் கூப்பிடுவதையும் சேர்த்துக் கூப்பிட்டார். "டேய் ஆண்டவரே, ஏறு."

பாலம் முழுக்கச் சிரித்தது. ஆல்தெரிகோ மட்டும் சிரிக்காமல் கிட்டே வந்து, விதியில் நோய்க்கு விலக்கு இருக்கிறதே, ஆண்டவருக்கு எங்கேயாவது கொஞ்சம் வலிக்காமலா இருக்கும் என்று கேட்டார். வயிற்றுவலி நல்லது, யாரும் திறந்து பார்க்க முடியாது என்று லோத்தோவும் ஒத்து ஊதினார்.

"பசிக்குது. வலி ஒண்ணும் இல்ல" என்றார் வெந்தூரா. பிறகு அப்பாவின் பக்கம் குனிந்து தணிந்த குரலில் பேசினார். "அப்பா, இவமேல நான் ஏறுனா வாசல்ல பால்தினிக்காரங்க பிடிச்சுக்குவாங்க. தெரியும்ல?"

"தெரியும்."

"உங்ககிட்ட இருக்குறதுலயே நல்ல கழுதை இவதான்."

"அதனாலதான் கொண்டாந்தேன். நொண்டிக் கழுதையிலயா என் மகன் வரணும்?"

வெந்தூரா கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பொலோஞ்ஞாவில் எத்தனையோ சிக்கலான கேள்விகளை எடுத்துக் கட்டியும் அவிழ்த்தும் பழகியவர்தான். தன் பிழைப்பில் பாதியை ஒரு கிழவர் சிரித்த முகத்தோடு நீட்டும்போது அதை எப்படி வாங்குவது, எப்படி வேண்டாம் என்பது, இதை யாரும் சொல்லித் தரவில்லை. பின்னால் ஆல்தெரிகோ செருமினார். நேரமாகிக்கொண்டிருந்தது. மாலை ஜெபத்துக்குள் பேராலயத்தில் இருக்க வேண்டும்.

திடீரென்று வெந்தூரா கொந்தேஸ்ஸாவின் பக்கத்தில் போய்க் குனிந்து, விரல்களைக் கோத்து உள்ளங்கைகளைப் படிபோல் வைத்தார். "ஏறுங்கப்பா."

"நானா?"

"வம்சத்துல ஒருத்தர் மேல உக்காந்து போகணும்னு சொல்லிட்டே இருந்தீங்களே."

"நீ போகணும்னுடா சொன்னேன்."

"எனக்கு முன்னாடி நீங்கதானே பிறந்தீங்க. வரிசைப்படி போவோம்."

நூத்தோ மறுத்தார், ஊர் சிரிக்கும் என்றார். ஊர் ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் இருந்தது. இப்போது ஏறு ஏறு என்று கத்தவும் ஆரம்பித்தது. மகன் கையில் கால் வைத்து ஏறியவர் மூட்டைபோலக் குறுக்கே விழுந்து வயிற்றால் தொங்கினார். லோத்தோ கீழிருந்து தள்ளினார். ஆயுசு முழுக்க மூட்டை ஏற்றியவருக்குத் தன்னை ஏற்றத் தெரியவில்லையே என்று ஒரு பெண் சொன்னாள். எப்படியோ நிமிர்ந்து உட்கார்ந்ததும் நூத்தோ பிடரிமயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராக முன்னால் பார்த்தார்.

ஆயர் கயிற்றைப் பிடித்து, நாக்கை மடித்து, பொதிக்காரர்கள் கொடுக்கும் அந்தக் குரலைக் கொடுத்தார். கொந்தேஸ்ஸா காதை ஆட்டிவிட்டு மலையேறத் தொடங்கியது.

வாசல் சாத்தியிருந்தது. அதன்முன் மொன்னா சிபில்லா தோளில் கடிவாளத்தோடு நின்றாள். கண்ணில் நெருப்பு. கழுதைமேல் நூத்தோவையும் கீழே ஆயரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஆல்தெரிகோ முந்திக்கொண்டு, இதையே ஆயரைச் சுமந்த விலங்காகக் கணக்கில் வைத்துக் கழுதையை எடுத்துக்கொள்ளலாமே என்றார்.

"அது சுமந்துட்டு வந்தது நூத்தோவை. நூத்தோ எப்ப ஆயரானாரு?" என்றாள் சிபில்லா. "ஊரை ஏமாத்தி வாங்குற வீடு இல்ல எங்க வீடு." பிறகு வெந்தூராவிடம் திரும்பினாள். "உங்களுக்கு ஒண்ணு தெரியுமா ஆண்டவரே? காலையில அறுத்த திராட்சை தொட்டியில கிடக்கு. வெயில்ல சூடேறிப் பொங்குது. மிதிக்கக் கூலிக்கு வந்த ஆளுங்க உங்களைப் பாக்கணும்னு பாலத்துக்கு ஓடிட்டானுங்க, ஒருத்தன் மிச்சமில்ல. இந்த வருஷத்துச் சாறும் போச்சு, குதிரையும் போச்சுன்னா நான் இங்க எதுக்கு நிக்குறேன்?"

கூட்டத்தில் சிலர் தலையைக் குனிந்து அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தார்கள்.

வெந்தூரா ஓர் அடி முன்னால் வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தார். ஆனால் சிபில்லா இப்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மெதுவாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பு மலைப்பாதையில் எங்கோ அறுந்துபோய், அகன்ற விரல்களோடு அந்தப் பாதங்கள் புழுதியில் நின்றன.

"வாசல் வரைக்கும் ஆயரைச் சுமந்து வந்தது எதுவோ அது எங்களுக்கு. எங்க மாமியா காலத்துல இருந்து இதுதான் சட்டம்" என்றாள். "உங்களைச் சுமந்து வந்தது எது?"

"இந்தக் கால்தான்."

"ரெண்டும்தானே?"

"ரெண்டும்தான், தாயே."

"அப்ப ரெண்டும் எங்களது." சொல்லிக்கொண்டே குனிந்து, லாடக்காரன் குளம்பைத் தூக்கிப் பார்ப்பதுபோல ஆயரின் வலது காலைத் தூக்கி உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தாள். "நல்லா உழைச்ச கால். பித்தவெடிப்பு இருக்கு. கழுவினா போதும்."

ஆல்தெரிகோ பதறிப்போனார். இது ஆயர் பதவிக்கே இழுக்கு என்றார். வெந்தூராவுக்கோ அவரைக்காய்க் கூடையைக் கீழே வைத்த நாளிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனதுபோல் இருந்தது. "அவங்க சொல்றது சரி, தொன் ஆல்தெரிகோ. உரிமைன்னா உரிமைதான்" என்றார். கடிவாளத்தின் ஒரு நுனியைத் தாமே கையில் பிடித்துக்கொண்டார். வாசல் திறந்தது.

சிபில்லா அவரை நடத்திப்போன வழி பேராலயத்துக்குத்தான், ஆனால் தன் வீட்டு முற்றம் வழியாகச் சுற்றிக்கொண்டு. தண்ணீர்த் தொட்டியில் காலைக் கழுவி, அங்கியைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு ஆயர் திராட்சைத் தொட்டிக்குள் இறங்கினார். லோத்தோவும் இறங்கினார், குள்ளமானதால் முழங்காலுக்குமேல் மூழ்கிப்போய், இத்தனை வருட வெங்காயத்துக்கும் சேர்த்து இன்றைக்குத்தான் வீட்டுக்காரி மனசு வைத்திருக்கிறாள் என்றார். சூடான பழம் காலடியில் நசுங்கி விரலிடுக்கில் பீறிட்டது. ஓடிப்போன கூலியாட்கள் ஒவ்வொருவராக வந்து தொட்டிக்குள் குதித்தார்கள். ஒருவன் மிதிபாட்டைத் தொடங்கினான். ஆயருக்கு அந்தப் பாட்டில் எல்லா அடிகளும் தெரிந்திருந்தன, சாமியார்களுக்குத் தெரியக்கூடாத அடிகள் உட்பட. அந்த இடம் வந்தபோது மட்டும் இருமினார். முற்றம் நிறைந்து, சுவர்மேலும் ஆட்கள். நூத்தோ இறங்கத் தெரியாமல் கழுதைமேலேயே இருந்தார். தொட்டிக்குள் எட்டிப் பார்க்க அதுதான் வசதியாகவும் இருந்தது.

மாலை மணி அடித்தபோது யாருக்கும் காலைக் கழுவ நினைவில்லை. மேலங்கியையும் தொப்பியையும் போட்டுக்கொண்டு வெந்தூரா பேராலயத்துக்கு ஓடாத குறையாக நடந்தார். வெள்ளைக்கல் தரையில் வாசலிலிருந்து பீடம்வரை சிவந்த பாதங்கள் பதிந்தன. ஆல்தெரிகோ மறுநாளே சாம்பலும் புளிக்காடியும் போட்டுத் தேய்க்கச் சொன்னார். கொஞ்சம் மங்கியது, போகவில்லை.

அன்றிரவு நூத்தோவை இரண்டு பேர் சேர்ந்து இறக்கினார்கள். இன்னொருமுறை ஏறுகிறீர்களா என்று மகன் கேட்டபோது வேண்டாம் என்றார். "மேல உக்காந்தா வால் தெரிய மாட்டேங்குது. வாலைப் பாக்காம எனக்கு வழி தெரியாது." ஆனால் உப்பு வாங்கப் போன இடமெல்லாம் அந்த ஒரு சவாரியைப் பற்றித்தான் பேசினார். போகப் போக அந்த மலைப்பாதை நீண்டுகொண்டே போனது.

ஆயரான பிறகும் வெந்தூரா நடந்தார். குருக்கள் அவருக்கென்று குதிரை வாங்கத் திட்டம் போடும்போதெல்லாம், "கால் என்னுது இல்லையே, சொந்தக்காரங்களைக் கேளுங்க" என்பார். ஆல்தெரிகோ ஒருமுறை உண்மையிலேயே போய்க் கேட்டார். சும்மா வைத்திருந்தால் கால் கெட்டுப்போகும், என் பொருளைக் கெடுக்க நீங்கள் யார் என்று சிபில்லா விரட்டிவிட்டாள். கையில் ஒரு வெங்காயமும் கொடுத்தாள்.

ரொட்டி கேட்கப் போன கதவுகளுக்கே இப்போது மாளிகை அடுப்பிலிருந்து ரொட்டி எடுத்துப் போனார். அறுவடைக்கு அறுவடை தொட்டியில் இறங்கினார். ஊர் அவருக்குப் பால்தினி வீட்டுக் கழுதை என்று பெயர் வைத்தது. யாரோ வாய்தவறி அவர் காதுபடச் சொல்லிவிட்டு நடுங்கியபோது அவர் மகிழ்ந்துபோனார். பொதிக்காரன் மகனா, படித்தவனா, துறவியா, ஆயரா என்று இத்தனை காலம் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தவருக்கு, ஐந்தாவதாக ஒன்றை ஊரே எடுத்துக் கொடுத்திருந்தது. அதில் மற்ற நாலும் அடங்கும்போல் பட்டது.

நூத்தோ காலமாகிப் பல அறுவடைகள் போன பிறகு வெந்தூராவின் முழங்கால்கள் வீங்கின. இப்போது விதியே விலக்குக் கொடுத்தது. கொந்தேஸ்ஸாவின் பேத்தி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவர் முறைப்படி சிபில்லாவிடம் ஆளனுப்பி அனுமதி கேட்டார். அவளும் கூன் விழுந்து கிழடாகியிருந்தாள். மறுக்காமல் சரி என்றாள். இவ்வளவு லேசில் சரி சொல்லும் ஆளில்லையே என்று லோத்தோ சந்தேகப்பட்டார்.

கீழ்க்கிராமத்து நோயாளி ஒருவரைப் பார்த்துவிட்டு ஆயர் முதல்முறையாகக் கழுதைமேல் உட்கார்ந்து ஊர் திரும்பினார். கோட்டை வாசலில் சிபில்லா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் எண்ணெய் போட்ட கடிவாளம்.

"நில்லுங்க ஆண்டவரே" என்றாள். "உங்களைச் சுமந்துட்டு ஒரு விலங்கு இந்த வாசலுக்கு வர்றது இதுதானே முதல் தடவை?"

வெந்தூரா சிரிப்பை அடக்க முடியாமல் கழுதையின் பிடரியைப் பிடித்துக்கொண்டார். இறங்க லோத்தோ கை கொடுத்தார். "அப்ப என் காலைத் திருப்பித் தருவீங்களா, தாயே?"

"ஏன் தரணும்? அது அன்னைக்கு வந்தது, இது இன்னைக்கு வந்தது." கடிவாளத்தை மாட்டிவிட்டுக் கழுதையின் நெற்றியைத் தடவினாள். "காலையில அனுப்பி வைக்குறேன், ஏறிப் போங்க. ராத்திரி மட்டும் எங்க தொழுவத்துல நிக்கணும். ரொம்ப நாளாக் காலியாக் கிடக்கு."

அவள் கழுதையைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். ஆயர் லோத்தோவின் தோளைப் பிடித்துக்கொண்டு, வீங்கிய முழங்கால்களோடு, நின்று நின்று சிரித்துக்கொண்டே மேல்தெருவில் ஏறினார். முந்தின நாள் மழை பெய்திருந்தது. சேற்றில் அகன்ற தடங்கள் பதிந்தன. ஒரு வீட்டுக் கதவு திறந்தது.